செந்தூல் மாடியில் புதன்கிழமைச் சட்ட ஆலோசனை: நான் பார்த்த சேவையும், அதை நடத்தும் வேட்பாளரும்

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் புதன்கிழமை மாலைகளில் இலவசச் சட்ட ஆலோசனை நடக்கிறது. நடத்துபவர் ஒரு பெண் வழக்கறிஞர். சிறிய கட்சி ஒன்றின் சார்பில் 2018இலும் 2023இலும் பக்கத்து மாநிலமான சிலாங்கூரின் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டவர். இரண்டு முறையும் வைப்புத்தொகையை இழந்தவர். வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்வதற்கு இந்த நாட்டில் விதிகள் உண்டு. என் எழுத்தால் அவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதால் பெயரையும் கட்சியையும் விட்டுவிடுகிறேன். செந்தூல் பாசாரில் "லாயர் அம்மா எங்கே இருக்கிறார்?" என்று கேட்டால் போதும், மீன் வெட்டுகிறவர்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை அளவு கொடுக்க வரும் பெண்கள் சொல்லித்தான் அந்த இடம் இருப்பதே எனக்குத் தெரியும். தேவை வந்தது என் வீட்டுக்காரரின் வேலை போனபோது.

அவர் கெப்போங் பக்கம் ஒரு கிடங்கில் 14 ஆண்டுகள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நிர்வாகத்தினர் அவரை அழைத்து ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் அந்த மாதச் சம்பளம் உடனே கிடைக்கும் என்றார்கள். தாளில் மலாயில் எழுதியிருந்தது, அவராகவே விரும்பி வேலையை விட்டு விலகுகிறார் என்று. அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டார். திங்கட்கிழமை காலை வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. அங்கே தொழிற்சங்கம் கிடையாது. உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். போலீசில் புகார் கொடுக்கச் சொன்னார் ஒருவர். ஒய்பி, அதாவது தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், அலுவலகத்தில் கடிதம் வாங்கச் சொன்னார் இன்னொருவர். "இந்த வயதில் வம்பு எதற்கு, வேறு இடம் பார்" என்பதுதான் அதிகம் கேட்ட யோசனை.

மாடியில் அந்த வழக்கறிஞர் முதலில் கேட்டது, "அண்ணே, உள்ளே விடாத நாள் என்ன தேதி?" என்றுதான். தேதியைச் சொன்னதும், சுவரில் தொங்கிய கோயில் நாட்காட்டியை எடுத்து எங்கள் முன்னால் வைத்து, ஒவ்வொரு நாளாக எண்ணிக் கடைசி நாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, நியாயமான காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் எழுத்து மூலம் முறையிட வேண்டும். அந்தக் கெடு தாண்டினால், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கேட்க ஆள் கிடையாது. முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. இத்தனை பேரிடம் பேசியும் இந்த 60 நாள் கணக்கை எங்களுக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். முறையீடு கொடுத்தபின் இலாகா இரு தரப்பையும் சமரசப் பேச்சுக்கு அழைக்கும். அந்த மேசையில் தொழிலாளிக்காக வழக்கறிஞர் உட்கார்ந்து பேச முடியாது. 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான சிறு கோரிக்கை வழக்கும் அப்படித்தான். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் பொதுவாக அதே நிலைதான், அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம். அதாவது, சாதாரண மனிதர்களின் சிக்கல்கள் போய் நிற்கும் பல இடங்களில் வாதாட வழக்கறிஞர் வர மாட்டார். அந்த மனிதரேதான் பேசியாக வேண்டும். எதிரே நிறுவனத்தின் சார்பில் மனிதவளப் பிரிவு அதிகாரி கோப்போடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு இது தினசரி வேலை. நம் ஆளுக்கு வாழ்க்கையில் முதல் முறை.

இந்த வழக்கறிஞர் என் வீட்டுக்காரரைப் பேசப் பழக்கினார். அவர் இலாகா அதிகாரியாக உட்கார்ந்தார். உதவிக்கு வரும் கல்லூரி மாணவன் ஒருவன் முதலாளி தரப்பு ஆனான். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்ததும் கோபம்தான் முதலில் வந்தது. 14 ஆண்டு உழைப்பு, பண்டிகை நாளிலும் போனது, மேலாளர் பேசிய பேச்சு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டியது. வழக்கறிஞர் முழுவதையும் கேட்டார், இடையில் வெட்டவில்லை. பிறகு சொன்னார்: "அண்ணே, தேதி முதலில். தாள் அடுத்து. கோபம் கடைசியில், அதுவும் ஒரே வரியில்." ஒரு பக்கத்துக்குள் நடந்ததைத் தேதிவாரியாக எழுதச் சொன்னார். எழுதியதை மூன்று பேர் முன்னால் வாசிக்கச் சொன்னார். மாணவன் வேண்டுமென்றே "நீங்களாகத்தானே வேலைக்கு வரவில்லை?" என்று குத்தலாகக் கேட்டான். முதல் தடவை என் வீட்டுக்காரர் திணறினார். அடுத்த வாரம் அதே கேள்விக்கு, "திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நான் வாசலில் நின்றேன், காவலரின் பதிவேட்டைப் பாருங்கள்" என்று நிதானமாகச் சொன்னார். வீட்டில் என்னிடம்கூட அவர் அப்படி நறுக்கென்று பேசி நான் கேட்டதில்லை.

சமரசப் பேச்சில் எட்டு மாதச் சம்பளம் கிடைத்தது. இதில் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் எழுத வேண்டும். தொழிலியல் நீதிமன்றம் வரை போய் வென்றிருந்தால் பின்சம்பளமாக 24 மாதம் வரை கிடைக்க வழி உண்டு. மீண்டும் வேலைக்கு எடுப்பதற்குப் பதிலாக, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் தருவதும் வழக்கம். வழக்கறிஞர் இந்தக் கணக்கு எல்லாவற்றையும் தாளில் போட்டுக் காட்டினார். எவ்வளவு காலம் ஆகலாம், தோற்றால் என்ன ஆகும் என்பதையும் எழுதினார். "நீங்கள் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று நான் கேட்டபோது, முடிவு உங்களுடையது என்று ஒதுங்கிக்கொண்டார். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை நினைத்து என் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். சட்டம் தெரிந்தவர் அந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துத் தன் கருத்தைச் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். முடிவெடுக்கும் உரிமையை மதிப்பது நல்லதுதான். ஆனால் நமக்குத் தெரியாத துறையில் தெரிந்தவரின் சாய்வு எந்தப் பக்கம் என்று அறிந்துகொள்வதும் நமக்குக் கிடைக்க வேண்டிய உதவிதான்.

நாங்கள் காத்திருந்த நேரங்களில் பார்த்த மற்ற வழக்குகளும் பல வகை. நாசி லெமாக் விற்கும் ஒரு பெண்ணின் அறைக்கு, வாடகை பாக்கி என்று வீட்டு உரிமையாளர் பூட்டை மாற்றிவிட்டார். பிள்ளையின் பள்ளிச் சீருடை உள்ளே மாட்டிக்கொண்டது. பாக்கி இருந்தாலும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அதன் 7ஆவது பிரிவு. வழக்கறிஞர் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பாக்கியைத் தவணையில் கட்ட அவளிடமும் எழுதி வாங்கினார். அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அது நியாயம். பாதுகாவலர் ஒருவர் மிகைநேரச் சம்பளம் சரியாக வரவில்லை என்று சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் கொண்டுவந்தார். சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு, பொது விடுமுறையில் மூன்று என்று அவரையே கணக்குப் போட வைத்தார். சிவப்பு ஐசியோடு, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டையோடு, வாழ்நாள் முழுவதும் இங்கேயே கழித்த ஒரு பாட்டிக்கு மட்டும் அவரால் உடனே எதுவும் செய்ய முடியவில்லை. பொய் நம்பிக்கை கொடுக்காமல் அதையும் நேராகவே சொன்னார். மகன் கைதாகிவிட்டான் என்று ஓடிவந்த ஒரு தாயிடம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லி, தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரை அங்கேயே தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார். தன் கையில் முடியாததை வேறு கைக்கு மாற்றத் தயங்காதவர்.

குறைகள் சில உண்டு. படிக்கட்டு செங்குத்தானது, விளக்கு மங்கல், முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரும் பாடு. எண் சீட்டு கிடையாது. முதலில் வந்தவர் யார் என்பதில் சண்டையே வந்திருக்கிறது. இதைவிடப் பெரிய குறை, மறைவான இடம் இல்லாதது. ஒரே கூடத்தில் மேசைகள் நெருக்கமாக இருப்பதால், கணவன் அடிக்கிறான் என்று சொல்ல வந்த பெண் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஐசி முகவரி மாற்ற வந்ததாகச் சொல்லித் திரும்பிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு திரைச்சீலை போட்டால் போதும். துணி என்னிடம் இருக்கிறது, தைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் அளவு கொடுக்கவில்லை.

ஒய்பி சேவை மையத்தோடு இதை ஒப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே கிடைப்பது வேறு. நலன்புரி உதவி, மருத்துவமனைக்குச் சக்கர நாற்காலி, அடுக்ககத்தில் மின்தூக்கி பழுது என்றால் மாநகராட்சியை முடுக்குவது போன்றவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினரிடம்தான் போக வேண்டும். அவரிடம் ஒதுக்கீடும் செல்வாக்கும் உண்டு. அவர் தரும் ஆதரவுக் கடிதம் 60 நாள் கெடுவை ஒரு நாள்கூட நீட்டிக்காது. அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் கோலாலம்பூரில் இருக்கின்றன, இரண்டும் நல்லவைதான். ஆனால் வருமானத் தகுதி பார்ப்பார்கள், அலுவலக நேரத்தில் போக வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும். செந்தூல் மாடி வேலை முடிந்தபின் திறக்கிறது. தமிழில் பேசலாம். இந்த இரண்டுக்காகவே நான் அதை முதலில் சொல்வேன்.

இனி வேட்பாளர் விஷயம். மாடிச் சுவரில் கட்சிக் கொடி ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். உறுப்பினர் படிவத்தை யாரிடமும் நீட்டியதை நான் பார்க்கவில்லை. வருகிறவர்களில் பாதிப் பேர், செந்தூல் அடங்கிய ‘பத்து’ (Batu) என்ற நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளர்கள். அவர் நின்றதோ சிலாங்கூரில். எங்களால் அவருக்கு ஒரு ஓட்டுகூட விழ வழியில்லை.

2023 ஆகஸ்டு 12 தேர்தலுக்கு முன் அவருடைய பிரச்சாரக் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். மனம் வருந்தித் திரும்பினேன். மாடியில் அவ்வளவு கூர்மையாகப் பேசுகிறவர், ஒலிபெருக்கி முன்னால் சட்டப் பிரிவுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் ஒரே ஆள் பேச்சு. பின்வரிசை நாற்காலிகள் காலியாயின. பிறகு ஒரு துப்புரவுத் தொழிலாளி, ஐம்பது வயதுப் பெண், மேடையேறி ஐந்து நிமிடம் பேசினாள். குத்தகை நிறுவனம் மாறும்போதெல்லாம் தன் வேலைக்காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதைத் தேதியோடு சொன்னாள். தேதி முதலில், தாள் அடுத்து, கோபம் கடைசியில்! எங்கே பழகியவள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சாலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆட்கள் கேட்டார்கள். அந்தக் கூட்டம் முழுவதையும் அப்படி நாலு பேரிடம் கொடுத்திருக்க வேண்டும். அவருடைய உண்மையான திறமை பிறரைப் பேச வைப்பது. அதை மாடியிலேயே விட்டுவிட்டு மேடைக்குத் தனியாகப் போகிறார். அடுத்த முறையாவது மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவரிடமே சொன்னேன். குறித்துக்கொண்டார்.

"ஓட்டு வாங்காதவர் எதற்கு மறுபடி மறுபடி நிற்க வேண்டும்?" என்று என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. சட்டமன்றத்துக்கு வைப்புத்தொகை 5,000 வெள்ளி, நாடாளுமன்றத்துக்கு 10,000. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் பணம் போய்விடும். சிறு கட்சிக்கு இது உண்டியல் குலுக்கிச் சேர்க்கும் பணம். தோட்ட மக்களோடு நீண்டகாலம் நின்ற மலேசிய சோசலிசக் கட்சிக்கும் இதே கதிதான். 2025 ஏப்ரல் 26 ஆயர் கூனிங் இடைத்தேர்தலில் அந்தக் கட்சியின் கே.எஸ்.பவானிக்கு விழுந்தவை 1,106 வாக்குகள். வென்ற தேசிய முன்னணிக்கு 11,065. பவானியை நமக்கு நினைவிருக்கும். சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது வட மலேசியப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இலவசக் கல்வியைப் பற்றிக் கேள்வி கேட்டு, மேடையிலிருந்து வாயடைக்கப்பட்டவர். 2013 ஜனவரியில் அந்தக் காணொளியை நாடே பார்த்தது. அன்று அவருக்காகக் கொதித்த அளவுக்கு ஓட்டு விழவில்லை.

என் அப்பா ஈப்போக்காரர். வழக்கறிஞர் டி.ஆர்.சீனிவாசகத்தைப் பற்றிப் பேசாமல் அவருக்குத் தேர்தல் காலம் போகாது. அவருடைய மக்கள் முற்போக்குக் கட்சி, அன்று நாட்டை ஆண்ட கூட்டணிக்கு வெளியே நின்ற கட்சி. டி.ஆர். ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து 1969இல் இறந்தார், அண்ணன் எஸ்.பி.சீனிவாசகமும் வழக்கறிஞர், மெங்கெலம்பு உறுப்பினர். காசில்லாதவர்களுக்காக நீதிமன்றம் ஏறியவர் என்றுதான் அப்பா தலைமுறை டி.ஆரை நினைவில் வைத்திருந்தது. ஓர் அமைச்சர் மீது ஊழல் குற்றம் சாட்டி, நாடாளுமன்றத்துக்கு வெளியேயும் அதைத் திருப்பிச் சொல்லி, வழக்கை எதிர்கொண்டு வென்றவர். அந்தக் கட்சிக்கு ஈப்போ நகராட்சி கையில் இருந்தது. சாக்கடை, சந்தை, தெருவிளக்கு என்று செய்து காட்டி, அதை வைத்துப் பெரிய தேர்தலில் ஓட்டுக் கேட்க முடிந்தது.

இன்று அந்தப் படி இல்லை. உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன, திரும்பி வரவே இல்லை. கோலாலம்பூரில் அதற்கும் முன்பே நின்றுவிட்டன. நம் மாநகர மேயர் நியமிக்கப்படுகிறவர். 1974இல் கூட்டரசுப் பிரதேசம் ஆனபின் நமக்குச் சட்டமன்றமும் இல்லை. பொதுத்தேர்தலில் எனக்கு ஒரே ஒரு வாக்குச்சீட்டு. 2022இல் அந்தச் சீட்டில் எங்கள் ‘பத்து’ தொகுதிக்கு 10 வேட்பாளர்கள் இருந்தார்கள், வழக்கறிஞரும் சுயேச்சையும் உட்பட. தன் தெருவில் ஒரு கவுன்சிலராக நின்று வேலையைக் காட்ட முடிந்தால், இந்த லாயர் அம்மா செந்தூலில் தோற்க மாட்டார் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அந்த வாய்ப்பே இல்லாத ஊரில் அவரை ஓட்டு எண்ணிக்கையை வைத்து அளப்பது எனக்கு ஒப்பவில்லை.

போகிறவர்கள் பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமநிதி அறிக்கை, ஐசி நகல் எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், படம் எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். நகல் எடுப்பது அங்கே பக்கத்துக்கு 20 காசு. ஆறு மணிக்கு முன்பே படியேறினால் அதிகம் காத்திருக்க வேண்டாம். விவாகரத்து, சொத்துப் பங்கீடு ஆகியவற்றை அவர் எடுப்பதில்லை. யாரிடம் போகலாம் என்று மட்டும் சொல்வார். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் இரண்டு வாரத்துக்கு மேல் மாடி மூடியிருக்கும், 2023இல் அப்படித்தான் இருந்தது. கதவில் ஒரு அறிவிப்புத் தாள்கூட ஒட்டவில்லை, அது சரியில்லை. வேலை போய் 60 நாள் ஓடிக்கொண்டிருப்பவர்கள் அந்தச் சமயத்தில் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராகத் தொழில் உறவு இலாகாவுக்குப் போய் முறையீட்டைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு, பிறகு மாடிக்கு வாருங்கள்.